தவறியவரா, தவறவிடப்பட்டவரா?

இந்தியாவில் 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில், மார்பகப் புற்றுநோய்க்கான பரிசோதனையை வாழ்நாளில் ஒரு முறையேனும் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு தரும் அளவு 0.9 விழுக்காடு. முப்பது வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் தொட்டுப் பார்த்து மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற வழிகாட்டு நெறிமுறையை மத்திய சுகாதார அமைச்சகம் 2016இலேயே வெளியிட்டிருந்தது. நெறிமுறைக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள இந்தத் தொலைவு, ஆண்டுதோறும் அக்டோபரில் அணியப்படும் இளஞ்சிவப்பு நாடாக்களால் குறைந்துவிடவில்லை.

இத்தொலைவின் விலை உயிர். நாட்டின் 11 மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவகங்களின் தரவுகளைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கட்டி மார்பகத்தோடு நின்றிருந்த நிலையில் கண்டறியப்பட்ட பெண்களில் 81 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்ந்தனர். அண்டைப் பகுதிகளுக்குப் பரவிய நிலையில் அது ஏறத்தாழ 65. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் 18 மட்டுமே. பெரும்பாலும் காலமே இந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது. அந்தக் காலம் ஏழைப் பெண்ணுக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதே கேள்வி.

இக்கேள்விக்குக் கருத்தரங்குகளிலும் ஆய்வேடுகளிலும் அரசு அறிக்கைகளிலும் வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒரே சொல்: விழிப்புணர்வின்மை. அச்சொல்லில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மருத்துவ நிலையம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் அத்தனையும் அச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. பரிசோதனை எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த மொழியில் நடக்க வேண்டும், ஐயம் எழுந்தால் அடுத்த படி என்ன என்பதையெல்லாம் முடிவு செய்யும் மேசையில் ஏழைப் பெண்களுக்கும் இடமில்லை. அவர்களை அன்றாடம் நேரில் காணும் கடைநிலைப் பணியாளர்களுக்கும் இடமில்லை. அறியாமையைவிடப் பெரிய தடை அதுதான்.

வளர்ச்சித் திட்ட ஆவணங்களில் 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பெரும்பாலும் 'பங்குதாரர்' என்ற சொல் ஆளப்படுகிறது. தமிழ் வழக்கில் பங்குதாரர் என்பவர் கூட்டு வணிகத்தில் முதல் போட்டவர். இலாபத்திலும் நட்டத்திலும் பங்குடையவர். ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளோ வேறு. இருவர் பந்தயம் கட்டும்போது இருவரது பணத்தையும் வாங்கிக் கையில் வைத்திருக்கும் மூன்றாம் ஆளையே அது குறித்தது. அந்தப் பந்தயத்தில் அவருக்கு ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. மருத்துவ நிலையங்களை மேம்படுத்துவதற்காகக் கூட்டப்படும் 'பங்குதாரர் கலந்தாய்வு'கள் பலவற்றுக்கு அந்தப் பழைய ஆங்கிலப் பொருளே பொருத்தமாக அமைந்துவிடுகிறது. மேசையைச் சுற்றி அமர்பவர்கள் மாவட்ட அலுவலர், மருத்துவ அலுவலர், நிதி வழங்கும் அமைப்பின் பிரதிநிதி, தொண்டு நிறுவனத்தார், பல்கலைக்கழக ஆய்வாளர். திட்டம் தோற்றால் இவர்களுள் எவருக்கும் உடலில் ஒன்றும் நேரப்போவதில்லை. நட்டத்தை உடலால் சுமக்கப்போகிறவருக்கு ஆவணத்தில் வேறு பெயர் உண்டு: 'பயனாளி'. பங்குதாரர் பேசுவார், பயனாளி பெற்றுக்கொள்வார்.

விழிப்புணர்வின்மை என்று எழுதப்படுவதில் எவ்வளவு பகுதி உண்மையில் அறியாமை என்பதையும் ஆராய வேண்டும். தமிழில் 'நோய்' என்ற சொல் 'நோ' என்ற வேரிலிருந்து பிறந்தது. நோதல் என்றால் வலித்தல். மலையாளத்திலும் கன்னடத்திலும் 'நோவு', தெலுங்கில் 'நொப்பி' என வலியைக் குறிக்கும் சொற்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வலிப்பதே நோய் என்ற புரிதல் இவ்வளவு பழையது. மார்பகப் புற்றுநோயின் தொடக்கக் கட்டியோ பெரும்பாலும் வலிப்பதில்லை. முதுகுவலியோடும் மூட்டுவலியோடும் வேலைக்குச் செல்லும் பெண், வலிக்காத ஒரு கட்டிக்காக ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுக்க மாட்டார். கையிலிருக்கும் தகவலையும் மடியிலிருக்கும் பணத்தையும் கொண்டு அவர் போட்ட கணக்கு அது. அதில் பிழை காண்பது கடினம். 'புற்றுநோய் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா' என்று கேட்கும் வினாத்தாள் இந்தக் கணக்கைக் காண்பதே இல்லை. 'வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்' என்ற ஒரு வாக்கியம் உரியவர் வாயிலிருந்து உரிய நேரத்தில் வந்தால், கணக்கு மாறக்கூடும். அந்த வாக்கியத்தை அந்தத் தெருவின் பேச்சில் எப்படிச் சொல்வது என்று அறிந்தவர் அங்கேயே வாழும் ஆஷா பணியாளர். மும்பையின் தாராவி போன்ற பகுதியில் மராத்தி, இந்தி, உருது, தமிழ் எல்லாம் அடுத்தடுத்த சந்துகளில் பேசப்படுகின்றன. அங்கே தலைமை அலுவலகத்தில் ஒரே மொழியில் அச்சிட்ட துண்டறிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

மக்கள் வாழும் இடத்துக்கே சென்று பரிசோதித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இந்தியாவிலேயே உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் நகரின் எளிய மக்கள் வாழும் 20 பகுதிகளில் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இடம்பெற்றனர். 10 பகுதிகளில் ஈராண்டுக்கு ஒரு முறை என நான்கு சுற்றுகள் கைப் பரிசோதனை நடந்தது. ஏனைய 10 பகுதிகளில் ஒரு முறை விழிப்புணர்வுக் கல்வியும் அதன்பின் கண்காணிப்பும் மட்டுமே. பரிசோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். அதற்கெனப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். இருபதாண்டுத் தொடர்ச்சிக்குப் பின் 2021இல் முடிவுகள் வெளியாயின. நோயுற்றோரில் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் பரிசோதனைப் பகுதிகளில் 37 விழுக்காடு, மற்றவற்றில் 47. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஐம்பதுக்குக் கீழ் உறுதியான குறைவு காணப்படவில்லை. எல்லா வயதினரையும் சேர்த்துக் கணக்கிட்ட 15 விழுக்காட்டுக் குறைவும் புள்ளியியல் உறுதியைப் பெறவில்லை.

வரம்புகளோடு படித்தாலும் இம்முடிவு எளியதன்று. விலையுயர்ந்த மேமோகிராம் கருவி இல்லாமல், மருத்துவர் பட்டம் இல்லாத பெண்களின் பயிற்சி பெற்ற விரல்களால், இறப்பைக் குறைக்க இயலும் என்று அது காட்டியது. அதே ஆய்வு ஒரு சங்கடத்தையும் விட்டுச்சென்றது. கட்டுப்பாட்டுப் பகுதிப் பெண்கள் பரிசோதனையின்றிக் கண்காணிக்கப்பட்டனர். அவ்வாய்வின் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பகுதியைக் குறித்து, அப்பெண்களுக்கு மாற்று வழிகள் போதிய அளவு விளக்கப்பட்டனவா என்ற அறவியல் விவாதம் உலக அளவில் எழுந்தது. ஏழைப் பெண்களின் நன்மையை நாடிய முயற்சியிலும், அவர்கள் முடிவெடுப்பவர்களாக இருந்தார்களா, எண்ணப்படுபவர்களாக மட்டும் இருந்தார்களா என்பதே அவ்விவாதத்தின் உட்கேள்வி. ஆய்வுலகம் அதை இன்னும் கடந்துவிடவில்லை.

பரிசோதனைக்குப் பின் என்ன நடக்கிறது என்பது இன்னும் கடினமான பகுதி. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006இல் தொடங்கிய மற்றோர் ஆய்வின் முதற்கட்ட முடிவுகள் 2011இல் வெளியாயின. கைப் பரிசோதனைக்கு உட்பட்ட 50,366 பெண்களுள் 2,880 பேரிடம் ஐயத்துக்குரிய மாற்றம் தென்பட்டது. அவர்களுள் புற்றுநோய் கண்டறியப்பட்டது 30 பேருக்கு. அதாவது, மேற்சோதனை வேண்டும் என்று சொல்லப்பட்ட நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே நோய் இருந்தது. மறுபுறம், இருந்த புற்றுநோய்களில் கிட்டத்தட்டப் பாதி அந்தப் பரிசோதனையில் பிடிபடவில்லை.

இந்த இரண்டு உண்மைகளையும் ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு ஏற்ற சொல்லே இன்னும் வழக்கில் இல்லை. 'பரிசோதனை' என்றால் நோய் உள்ளவருக்குச் செய்வது என்பது பொது வழக்கு. 'ஸ்க்ரீனிங்' என்பதற்கு இயந்திர மொழிபெயர்ப்புகள் தரும் 'திரையிடல்' திரைப்படத்துக்கு உரியது. உண்மையில் இது மணல் சலிப்பதைப் போன்ற வேலை. சல்லடையில் தங்கியதெல்லாம் கல் அன்று. இறங்கியதெல்லாம் நல்ல மணலும் அன்று. கட்டுமான வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. 'பாசிட்டிவ்' என்று சொல்லி அனுப்பினால், அவர் அச்சத்தோடு வீடு திரும்புவார். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை அந்த அச்சம் வீண். 'ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பினால், அடுத்த ஆண்டு தோன்றும் கட்டியை அந்தச் சொல்லை நம்பிப் புறக்கணிப்பார். இரண்டும் சொல்லின் பிழையால் விளையும் தீங்குகள்.

வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். துணை சுகாதார நிலையத்தில் ஐயம் எழுகிறது. மாவட்ட மருத்துவமனைக்குச் செல்லுமாறு சீட்டு எழுதித் தரப்படுகிறது. புறநோயாளிகள் பிரிவு காலையில் மட்டுமே. அவர் வேலைக்குச் செல்லும் வீடுகளிலும் காலையில்தான் வேலை. ஒரு நாள் விடுப்பெடுத்து வரிசையில் நின்றால், அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். ஸ்கேனுக்கு வேறு நாள். திசுப் பரிசோதனைக்கு மற்றொரு நாள். முடிவை வாங்க இன்னொரு நாள். அரசு மருத்துவமனையில் சோதனைக்குக் கட்டணமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு வருகைக்கும் கூலி இழப்பு, பேருந்துக் கட்டணம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டாரிடம் படும் கடன், வேலையே போய்விடுமோ என்ற அச்சம் ஆகியவை உண்டு. பிரதமரின் ஜன் ஆரோக்கிய காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டது. சேர்க்கைக்கு முந்தைய செலவில் 3 நாட்களையே கணக்கில் கொள்கிறது. நோய் உறுதியாவதற்கு முன் அலைந்து திரியும் வாரங்கள் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கின்றன.

மூன்றாவது வருகையோடு அவர் நின்றுவிட்டால், பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'தொடர் சிகிச்சைக்கு வரத் தவறியவர்' என்று எழுதப்படும். தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்ற பாகுபாடு உண்டு. 'தவறினார்' என்றால் செயல் அவருடையது, பொறுப்பும் அவருடையது. 'தவறவிட்டனர்' என்றால் தவறவிட்டவர் யார் என்ற கேள்வி உடனே எழும். ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில் வழங்கும் தொடரும் ஒரு பெண் தொலைந்துபோனதைச் சொல்கிறது. யார் தொலைத்தது என்பதைச் சொல்வதில்லை. ஒரு பதிவேட்டின் வினைச்சொல்லை மாற்றுவதால் மட்டும் உயிர் பிழைத்துவிடாது. ஆனால் எழுவாய் இல்லாத வாக்கியத்தில் பொறுப்பும் இருக்காது. 'ஸ்கேன் நாள் ஒதுக்கப்படாததால் மருத்துவமனை தவறவிட்டது' என்று எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால், அடுத்த கூட்டத்தில் ஸ்கேன் நாளைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலாது.

இவற்றையெல்லாம் நன்கறிந்தவர்கள் மருத்துவ நிலையத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். எந்தப் பெண் எதற்காக வரவில்லை என்பது ஆஷா பணியாளருக்குத் தெரியும். எந்த நாளில் வரிசை நீளும் என்பது சீட்டு எழுதுபவருக்குத் தெரியும். ஒற்றை அறையுள்ள துணை நிலையத்தில், தடுப்பூசிக்கு வந்த கூட்டத்தின் நடுவே ஒரு பெண்ணை ரவிக்கையைத் தளர்த்தச் சொல்ல இயலாது என்பது செவிலியருக்குத் தெரியும். 'திரையிடல்' என்ற தவறான மொழிபெயர்ப்பில் தற்செயலாக ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது: அங்கே முதலில் வேண்டியது ஒரு திரைச்சீலை.

ஆனால் இவர்களின் அறிவு மேலே செல்வதற்கு வழி இல்லை. 2005இல் தொடங்கப்பட்ட ஆஷா அமைப்பில் பணிபுரிவோர் இன்றளவும் ஊழியர் அல்லர், தன்னார்வலர்; செய்த வேலைக்கேற்ப ஊக்கத்தொகை பெறுபவர்கள். தொற்றா நோய்களுக்கான மதிப்பீட்டுப் படிவத்தில் மார்பகக் கட்டி, காம்பில் இரத்தக் கசிவு, வடிவ மாற்றம் ஆகியவற்றைக் கேட்டுக் குறிக்க வேண்டியவரும் அவரே. கணவரும் மாமியாரும் நிற்கும் வாசலில் அக்கேள்வியைக் கேட்டால் 'இல்லை' என்ற விடையே வரும், படிவம் நிறைந்துவிடும், இலக்கும் எட்டப்படும். படிவத்தை வடிவமைத்தவர்கள் அந்த வாசலைக் கண்டிருந்தால், கேள்வி வேறு இடத்தில் கேட்கப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மேற்சோதனை வசதி இல்லாத இடத்தில் பரிசோதனையைப் பெருக்கினால் அச்சமும் நெரிசலுமே மிஞ்சும். ஆகவே அறிகுறியோடு வரும் பெண்களை விரைந்து கண்டறிவதற்கே முதலிடம் தர வேண்டும் என்பர். வளம் குறைந்த நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் அறிவுரையும் ஏறத்தாழ இதுவே. அதன் உலகளாவிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பு, முதல் வருகையிலிருந்து 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்று இலக்கு வைக்கிறது. இம்மறுப்பு மேற்சொன்ன வாதத்தைத் தளர்த்தவில்லை, வலுப்படுத்துகிறது. அறிகுறியோடு தானே வரும் பெண்ணும், பரிசோதனையில் ஐயம் எழுந்து அனுப்பப்படும் பெண்ணும் நிற்கப்போவது ஒரே வரிசையில். அந்த வரிசையைச் சீர்செய்யாமல் எந்த வழியைத் தேர்ந்தாலும் பயனில்லை.

ஏற்கெனவே பணிச்சுமையால் திணறும் மருத்துவர்களிடம் இன்னொரு குழுவையும் கூட்டத்தையும் சுமத்துவதா என்பது அடுத்த மறுப்பு. புதிய குழு எதுவும் தேவையில்லை. மருத்துவமனைகளில் ரோகி கல்யாண் சமிதி, நலவாழ்வு மையங்களில் ஜன் ஆரோக்கிய சமிதி, நகர்ப்புற ஏழை மக்கள் பகுதிகளில் மகிளா ஆரோக்கிய சமிதி என அமைப்புகள் காகிதத்தில் இருக்கின்றன. அவற்றின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற வேண்டியவை சிலவே.

ஒன்று, நேரம். வாரத்தில் ஒரு மாலையையோ உள்ளூர் விடுமுறை நாளையோ பரிசோதனைக்கு ஒதுக்குவது. எந்த நாள் என்பதை அப்பகுதிப் பெண்கள் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு, வரிசை. ஐயத்தோடு அனுப்பப்படும் பெண்களுக்கு ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் இயன்றவரை ஒரே நாளில் முடியுமாறு இடம் ஒதுக்கிவைப்பது.

மூன்று, கூலி. மருத்துவமனைப் பிரசவத்தை ஊக்குவிக்க 2005இல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டம் தாய்க்கும் பணம் தந்தது, உடன் சென்ற ஆஷாவுக்கும் ஊக்கத்தொகை தந்தது. பெண் பிள்ளை பெறும்போது அவரது பயணத்துக்கு விலை உண்டு என்று ஏற்ற அரசு, அவர் தன் உயிருக்காக மேற்கொள்ளும் பயணத்துக்கும் அதை ஏற்கலாம்.

நான்கு, சொல். முடிவு எதுவாயினும் அதை அவர் மொழியில் சொல்வது. 'இன்று எதுவும் தென்படவில்லை, மாற்றம் தெரிந்தால் ஐந்தாண்டு காத்திராமல் உடனே வாருங்கள்' என்பது 'ஒன்றுமில்லை' என்பதைவிட நீளமானது, ஆனால் உண்மையானது.

ஐந்து, கணக்கு. எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர் என்பதோடு, ஐயம் எழுந்த நாளிலிருந்து முடிவு தெரிந்த நாள் வரை எத்தனை நாட்கள் ஆயின என்பதையும் அந்நிலையத்தின் சுவரில் எழுதிவைப்பது.

ஆய்வு மாணவர்களுக்கும் அவர்களை நெறிப்படுத்துவோருக்கும் இதில் பங்கு உண்டு. அலுவலர்கள் பத்துப் பேரை நேர்கண்டு அதைப் 'பங்குதாரர் ஈடுபாடு' என்று ஆய்வேட்டில் எழுதும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். வந்த பெண்களை மட்டும் நேர்கண்டுவிட்டு வராத பெண்களைப் பற்றி முடிவு சொல்வதும் அவ்வாறே. வினாத்தாளில் 'அறிவீர்களா' என்ற வினாவுக்கு அருகில், 'கடைசியாக வந்தபோது எத்தனை நாள் கூலியை இழந்தீர்கள்' என்ற வினாவும் இருக்கட்டும். முதல் வினா பெண்ணை அளக்கும். இரண்டாவது மருத்துவமனையை அளக்கும்.

0.9 என்ற எண்ணை உயர்த்துவது கடினமன்று. இலக்கு விதித்துப் படிவங்களை நிரப்பினால் அடுத்த ஆய்விலேயே அது பன்மடங்காகக் காட்சி தரலாம். அப்போதும் ஐயத்துக்கும் முடிவுக்கும் இடையே உள்ள அந்தச் சில வாரங்களில் பெண்கள் காணாமற்போய்க்கொண்டே இருந்தால், கூடியது எண் மட்டுமே. அந்த வாரங்களில் என்ன நடக்கிறது என்பதை அறிந்த பெண்ணும் ஆஷா பணியாளரும் செவிலியரும் மேசையில் அமர்ந்து பேசி, அவர்கள் சொன்னதற்காக ஓர் அட்டவணையேனும் மாறும் நாளில்தான் 'பங்குதாரர்' என்ற சொல் தன் தமிழ்ப் பொருளைப் பெறும்.